மன வியாதியை டாக்டர்கள் கண்டறியும் விதம்

ஆடி மாதத்தில் திருவேற்காடு தேவி கருமாரியம்மன் ஆலயத்துக்குச் சென்று வருவோர், கூட்டத்தினிடையே சிலர் அருள் வந்து ஆடுவதைக் கண்டிருப்பர். மறுநாட் காலையில் அதே அம்மையார் வயலில் களையெடுத்துக்கொண்டிருப்பார். அவரை நோயாளி என்று ஊரில் எவரும் கூறார். டாக்டர்களும் கூறார் என்பதை நம்மில் பலர் அறியோம்.

உலக சுகாதார ஸ்தாபனம் நோய்களையெல்லாம் வகைப்படுத்திப் பட்டியலொன்று வெளியிட்டு வருகிறது. அதன் பதினோராம் திருத்தம் 2022ஆம் ஆண்டு ஜனவரி முதல் அமுலில் உள்ளது. ஆவேசம் வருதலும் அதில் இடம் பெற்றிருக்கிறது. ஆயின் எல்லா ஆவேசமும் நோயன்று. அது ஒருவருடைய விருப்பமின்றியே வருதல் வேண்டும். அவருடைய சமூகம் ஏற்றுக்கொண்ட சமய வழக்கமாக அது இருத்தலாகாது. மதுவோ, மருந்தோ, மூளையைப் பற்றிய வேறு நோயோ காரணமாயிருத்தலும் ஆகாது. அதனால் அவருக்குப் பெருந்துன்பமோ, குடும்பத்திலும் தொழிலிலும் தடையோ விளைந்திருத்தல் வேண்டும். கோயிலில் ஆடியவர் இவ்வரையறைக்குள் வாரார். அடுப்படியிலும் நடவு வயலிலும், வேண்டாமென்று அழுது மறுத்தும் திரும்பத் திரும்ப ஆவேசம் வந்து, உண்ணவும் உறங்கவும் முடியாது தவிப்பவர் வரக்கூடும். ஆட்டம் ஒன்றுபோல் தோன்றினும் முடிவு வேறாகிறது.

காசநோய்க்குச் சளியையும் நீரிழிவுக்கு இரத்தத்தையும் சோதித்துப் பார்க்கிறோம். மன வியாதி இன்னதென்று காட்டும் இரத்தப் பரிசோதனை இன்றளவும் வழக்கத்தில் இல்லை. ஆயினும் டாக்டர் இரத்தம் எடுக்கச் சொல்லுவார். தைராய்டுச் சுரப்பி குன்றினாலும் மனம் சோர்வுறும். பல்லாண்டு குடித்தவர் மதுவைத் திடீரென நிறுத்தினாலும் இல்லாத உருவங்கள் கண்ணிற்படும். இத்தகைய உடற்காரணங்களை முதலில் விலக்கவே அச்சோதனை.

அதன் பின்னர் விசாரணைதான். நெற்பயிர் மஞ்சளித்தால், தழைச்சத்துக் குறைவா, துத்தநாகக் குறைவா, துங்ரோ நோயா என்பதை நிறத்தை மட்டும் கண்டு சொல்ல இயலுமா? எத்தனை நாளாக, எந்த இலையில், வயலில் எப்பக்கம் என்று கேட்டறிவோமன்றோ? டாக்டரும் அவ்வாறே கேட்கிறார். மனச்சோர்வு நோய்க்கு அப்பட்டியல் பத்து அறிகுறிகளைக் கூறுகிறது. அவற்றுள் ஐந்தேனும், இரண்டு வாரமேனும், ஏறக்குறைய நாள்தோறும் இருத்தல் வேண்டும். மனவாட்டம் அல்லது எதிலும் நாட்டமின்மை அவ்வைந்தில் ஒன்றாயிருத்தலும் அவசியம். காதில் குரல் கேட்டல், பிறர் தமக்குத் தீங்கு சூழ்கின்றனர் என்று அசையாது நம்புதல் முதலியவற்றைக் கொண்ட மனச்சிதைவு நோய்க்கு ஒரு மாத கால அளவு சொல்லப்பட்டிருக்கிறது. அமெரிக்க மனநல டாக்டர்களின் நூலோ அதற்கு ஆறு மாதம் கேட்கிறது. இவ்வெல்லைகள் நிபுணர் கூடி வகுத்தவை. இயற்கை போட்ட வரப்புகளல்ல. ஆதலின், அனுபவமுள்ள டாக்டர் முதல் நாளிலேயே பெயர் சூட்ட விரைவதில்லை.

வீட்டார் கூறும் வரலாறு இங்கே மிகவும் பயன்படும். இன்று சோர்ந்து படுத்திருப்பவர், மூன்றாண்டுக்கு முன் உறக்கமே வேண்டாது, கட்டுக்கடங்காத உற்சாகத்தில் கடன் வாங்கிச் செலவழித்தவராயிருக்கலாம். அதை மறைத்துவிட்டால், சோர்வுக்கான மருந்து மட்டும் கொடுக்கப்பட்டு, பழைய வெறி மீண்டும் கிளம்பக்கூடும்.

நமது அலுவலகத்துக்கு ஒருமுறை ஒரு மனு வந்தது. தம் தம்பிக்குப் புத்தி சுவாதீனம் இல்லையென ஊராட்சித் தலைவர் சான்றளிக்க வேண்டுமென்று ஒருவர் கேட்டிருந்தார். விசாரித்ததில், தம்பி மனைவியை இழந்து சில வாரங்களாக எவரிடமும் பேசாதிருந்தார் என்பது தெரிந்தது. நிலப் பாகப்பிரிவினைத் தகராறு ஒன்றும் இருந்தது! இயல்பான இழவுத் துயரை அப்பட்டியல் நோயெனக் கொள்வதில்லை. மேலும், 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், ஒருவருக்கு மன வியாதி உண்டா என்பதை அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ அளவுகோல்களைக் கொண்டே தீர்மானிக்க வேண்டுமென்கிறது. ஊர் வழக்கத்துக்கு ஒவ்வாத நடத்தையோ, முன்னர் சிகிச்சை பெற்றமையோ மட்டும் அதற்குப் போதாது. வியாதி உறுதிப்பட்டாலுங்கூட, நீதிமன்றம் கூறாதவரை அவர் சித்த சுவாதீனமற்றவர் என்று பொருளாகாது. மனுவைத் திருப்பியனுப்பினோம்.

தம்பியை டாக்டரிடம் காட்டுவது வேறு விஷயம். துயர் மாதக்கணக்கில் தணியாது நீடித்தால் காட்டவே வேண்டும். பூந்தமல்லி வட்டாரத்தினருக்கு, 1794ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் அண்மையிலேயே இருக்கிறது. 14416 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசியும் இலவசமாக ஆலோசனை பெறலாம். உறக்கம் கெட்டது எந்நாள் முதல், வேலைக்குப் போகாதது எந்நாள் முதல், குடி உண்டா, குடும்பத்தில் முன்பு எவருக்கேனும் இருந்ததா என்பவற்றை ஒரு தாளில் குறித்து, பழைய மருந்துச் சீட்டுகளுடன், உடனிருந்து கவனித்த ஒருவரையும் அழைத்துச் செல்லுதல் வேண்டும்.