செம்பனைக் குருத்தில் கழன்றுபோகும் மெத்தில்

கெடாவின் கூலிம், பாலிங், சுங்கைப்பட்டாணி வட்டாரங்களில் பால்மரம் அழித்த தோட்டங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. செம்பனை உச்சியிலுள்ள ஒற்றைக் குருத்திலிருந்தே வளர்வதால், நன்கு காய்க்கும் மரத்தைப் பால்மரம்போல் ஒட்டுக்கட்டிப் பெருக்க இயலாது. ஆகவே 1970களிலிருந்து, விரியாத இளம் ஓலையின் திசுவை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, எந்த உறுப்பாகவும் உருவெடுக்கவல்ல குருத்தணு நிலைக்கு அதன் உயிரணுக்களைத் திருப்பி, ஒரே மரபுடைய கன்றுகளை உண்டாக்கினர்.

நட்டு இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து, மரம் பூத்தபோதுதான் கோளாறு தெரிந்தது. பெண்பூவில் வளராமல் ஒடுங்கியிருக்க வேண்டிய மகரந்தத்தாள்கள் சூலக இதழ்களாக மாறிப் பழத்தைச் சுற்றிக் கூடுதல் மடல்களாகப் போர்த்திக்கொண்டன. கோளாறு முற்றிய மரங்களில் குலை தேறாமலே வீணாயிற்று.

தாய்மரத்துக்கும் கன்றுக்கும் மரபெழுத்து ஒன்றாக இருந்தும் இது ஏன் நேர்ந்தது என்பதற்கு 2015இல் 'நேச்சர்' இதழில் மலேசிய ஆய்வாளர்கள் வெளிநாட்டாருடன் சேர்ந்து விடை தந்தனர். டிஎன்ஏவின் சைட்டோசின் எழுத்தில் ஒட்டும் மெத்தில் என்னும் சிறு வேதித்தொகுதி, தாவும் மரபுத்துண்டுகளை அடக்கிவைக்கிறது. மகரந்தத்தாளின் வடிவை ஆளும் டெஃபிசியன்ஸ் மரபணுவுக்குள், செய்தி உருவாகும்போது வெட்டி நீக்கப்படும் இன்ட்ரான் பகுதியில், 'கர்மா' என்ற அத்தகைய துண்டு அமர்ந்திருக்கிறது. திசு வளர்ப்பின்போது அதன்மேலுள்ள மெத்தில் கழன்றால், மரபணுவின் செய்தி கர்மாவோடு தவறாக இணைந்து பாதியிலேயே முடிந்துவிடுகிறது. அந்த இழப்பு உயிரணு பிரியுந்தோறும் தொடர்ந்து சென்று பூவில் வெளிப்படுகிறது. சில மரங்கள் பிற்பாடு இயல்புக்குத் திரும்புவதும் உண்டு.

இக்கண்டுபிடிப்பின் பெரும்பயன், ஓலைத் துணுக்கில் கர்மாவின் மெத்தில் அளவைச் சோதித்துக் கோளாறுள்ள கன்றை நடுவதற்கு முன்பே கழிக்கலாம் என்பதாகும். விதைக்கன்றே போதும், திசுக்கன்று தேவையில்லை என்போரும் இருக்கின்றனர். எனினும் கவலைக்குரியது வேறு: ஆய்வுக்கூடத்தில் தெரியும் உண்மை, கன்று வாங்கும் சிறுதோட்டக்காரரின் கைக்கு வந்து சேர வேண்டும். பெருந்தோட்டம் பழுதான மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்து தாங்கிக்கொள்ளும். சில ஏக்கரை நம்பியிருப்பவருக்கோ இரண்டு மூன்று ஆண்டு உரமும் உழைப்பும் போனபின்பே பூ உண்மையைச் சொல்கிறது, எடைக்குக் கூலி பெற்றுக் குலை வெட்டுபவரின் வருமானமும் அங்கேயே குறைகிறது. செம்பனை ஏறத்தாழ 25 ஆண்டுகள் பலன் தரும் மரமாதலால், திசுக்கன்றோடு தரும் சான்றில் மெத்தில் சோதனையின் முடிவு வாங்குபவர் படிக்கும் மொழியில் இருக்க வேண்டும். கோளாறு கண்ட கன்றுக்கு விற்றவரே மாற்றுக்கன்று தர வேண்டும் என்பதும் அதிலேயே எழுதப்பட வேண்டும்.