விதிப்படி கட்டிய கப்பல் ஏன் உடைந்தது?

2013 ஜூன் மாதம் சிங்கப்பூரிலிருந்து சவூதி அரேபியாவின் ஜெட்டா துறைமுகத்துக்குப் புறப்பட்டது ‘எம்ஓஎல் கம்ஃபர்ட்’ கொள்கலன் கப்பல். அதன் நீளம் 316 மீட்டர். மூன்று காற்பந்துத் திடல்களை வரிசையாக வைத்தால் வரும் நீளம் அது. கப்பலின் வயது ஐந்துதான்.

ஜூன் 17ஆம் தேதி, ஏமனுக்கு அப்பால் நடுக்கடலில் அது இரண்டாக உடைந்தது. ஊழியர்கள் 26 பேரும் உயிர் தப்பினர். சில வாரங்களுக்குள் இரு பாதிகளும் கடலில் மூழ்கின.

காரணம் என்ன? பிளாஸ்டிக் அடிக்கோலின் இரு முனைகளையும் பிடித்துக் கீழ்நோக்கி வளைத்துப் பாருங்கள். மேற்பக்கம் இழுபடும், கீழ்ப்பக்கம் நெருக்கப்படும். அலையின் முகடு கப்பலின் நடுவில் வரும்போதும் இதுவே நடக்கிறது. அதே நேரத்தில் கடல்நீரின் அழுத்தமும் அடித்தகட்டை மேல்நோக்கித் தள்ளுகிறது. இந்த இரண்டு விசைகளும் சேர்ந்தால் அடிப்பகுதியின் வலிமை எவ்வளவு குறையும் என்பதை அன்றைய விதிகள் போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை. கப்பலோ அந்த விதிகளின்படிதான் கட்டப்பட்டிருந்தது. அதே வடிவமைப்பிலான மற்றக் கப்பல்களைச் சோதித்தபோது, அவற்றின் அடித்தகடுகளிலும் புடைப்புகள் காணப்பட்டன.

எல்லா விபத்துகளிலும் உயிர்கள் தப்புவதில்லை. 1912ல் மூழ்கிய டைட்டானிக்கில் 2,200க்கும் அதிகமானோர் இருந்தனர். உயிர்காப்புப் படகுகளில் 1,178 பேருக்கே இடம். ஆனாலும் அன்றைய பிரிட்டிஷ் விதி கேட்டதைவிட அது அதிகம்! 10,000 டன்னுக்கு மேற்பட்ட எல்லாக் கப்பல்களுக்கும் அந்த விதி ஒரே அளவையே வைத்திருந்தது. டைட்டானிக்கோ 46,000 டன். சுமார் 1,500 பேர் மாண்டனர்.

1987 மார்ச் 6ஆம் தேதி, ‘ஹெரல்ட் ஆஃப் ஃபிரீ என்டர்பிரைஸ்’ பயணிகள் கப்பல் முன்கதவு திறந்தபடியே பெல்ஜியத்தின் ஸீபுரூகே துறைமுகத்தைவிட்டுக் கிளம்பியது. கதவு மூடியிருக்கிறதா என்பதைத் தலைவருக்குக் காட்டும் விளக்கு கப்பலில் இல்லை. வாகனங்கள் ஏறி இறங்க வசதியாக, அந்தத் தளத்தில் தடுப்புச் சுவர்களும் இல்லை. அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி நடந்தால் அது ஒரு பக்கமாகப் பாயுமே, அதுபோல உள்ளே புகுந்த நீர் ஒரு பக்கம் திரண்டது. சில நிமிடங்களில் கப்பல் சாய்ந்தது. 193 பேர் இறந்தனர்.

ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் விதிகள் மாறின. எல்லாருக்கும் படகில் இடம் தரவேண்டும் என்றானது. கதவு நிலையைக் காட்டும் விளக்குகள் கட்டாயமாயின. பெரிய கொள்கலன் கப்பல்களின் வலிமையைக் கணக்கிடும் முறை 2015ல் திருத்தப்பட்டது.

பொறியியல் படிக்கும் மாணவர்கள், “இது விதிக்கு உட்பட்டதா?” என்று கேட்கப் பழகுகிறார்கள். அதோடு, “இந்த விதி எழுதப்பட்டபோது எதை எண்ணிப் பார்க்கவில்லை?” என்றும் கேட்கவேண்டும். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலிருந்து பார்த்தால் தெரியும் ஒவ்வொரு கப்பலிலும் மனிதர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியை விபத்துக்கு முன்பே ஒருவர் கேட்பது அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை.