அம்மம்மாவின் மோதிரத்து நீலக்கல் அசலா?

அம்பிட்டியவில் ஒரு வீட்டு அலுமாரியில் இருக்கும் நீலக்கல் மோதிரம், பழையது என்பதாலேயே இயற்கைக் கல் ஆகிவிடுமா? ஆகாது. பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னூய் 1902இல் செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்டார். சில ஆண்டுகளில் செயற்கை நீலக்கல்லும் வந்துவிட்டது. நூறு வயது நகையிலும் உலையில் பிறந்த கல் இருக்கலாம்.

ஏன் எளிதில் பிடிபடுவதில்லை? இயற்கைக் கல்லும் செயற்கைக் கல்லும் ஒரே அலுமினியம் ஒட்சைட்டு. மோஸ் அளவுகோலில் இரண்டின் கடினமும் 9; எடையும் அதே கனஅளவு நீரைப்போல் ஏறத்தாழ 4 மடங்கு. உரசினாலும் நிறுத்தாலும் வேறுபாடு தெரியாது.

எப்படி அறிவது? கல் வளர்ந்த விதம் உள்ளே பதிந்திருக்கும். நிலத்தடியில் பளிங்கு தட்டையான முகங்களில் வளர்வதால் நிறப்பட்டைகள் நேராக, கோணம் திரும்பி ஓடும். இலங்கைக் கற்களில் பட்டிழை போன்ற ரூட்டைல் கனிம ஊசிகளும் காணப்படும். வெர்னூய் முறையில் உருகிய துகள்கள் வளைந்த மேற்பரப்பில் அடுக்கடுக்காய் உறைவதால் கோடுகளும் வளையும். வாயுக் குமிழிகளும் சிக்கியிருக்கும். 10 மடங்கு பெருக்கும் லென்ஸிலேயே சில வேளை இவை தெரியும்.

ஊசிகள் இல்லையென்று உடனே போலி என முடிவுகட்டாதீர்கள். உயர் வெப்பத்தில் சூடேற்றிய இயற்கைக் கல்லில் அவை கரைந்துபோகலாம். விற்பதற்கு முன் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையின் ஆய்வுகூடத்தில் பரிசோதித்து அறிக்கை பெறுங்கள்.