தீவு மொழிகளுக்குள்ள யாருக்கு யார் சொந்தம்?

பெங்களூரு வைட்ஃபீல்ட்ல எந்தக் கடையில பால் பாக்கெட் வாங்கினாலும் கன்னடத்துல 'ஹாலு'ன்னு போட்டிருக்கும். நம்ம பால்தான் அது. பல், ஹல்லு. புலி, ஹுலி. பத்து, ஹத்து. பத்தாம் நூற்றாண்டுல கவிஞர் பம்பன் எழுதின கன்னடத்துல இதெல்லாம் 'ப'வுலதான் ஆரம்பிக்குது. அப்புறம்தான் 'ஹ' ஆச்சு. ஒரே ஒரு சொல்னா தற்செயல்னு விட்டுடலாம். வரிசையா மாறுதே, அதுதான் உறவுக்குச் சாட்சி.

மடகாஸ்கர்ல இருந்து ஹவாய் வரைக்கும் பரவியிருக்கிற ஆஸ்ட்ரோனேசிய மொழிகள் சுமார் 1,200. அதுலயும் இதே கதைதான். நெருப்புக்கு மலாய்ல 'ஆப்பி', சமோவாவுல 'அஃபி', ஹவாய்ல 'அஹி'.

சும்மா ஒத்துப்போனா மட்டும் போதாதுங்க. மலாய்க்காரங்க கப்பலை 'கப்பால்'னும் கடையை 'கெடாய்'னும் சொல்றாங்க. ரெண்டும் தமிழ்ல இருந்து போன கடன். அதனால மலாய் நமக்குச் சொந்தமாயிடாது.

சரி, குடும்பத்துக்குள்ள யார் யாருக்கு நெருக்கம்? இங்கதான் ரொம்ப கவனமா இருக்கணும். மூதாதை மொழியில இருந்ததை ரெண்டு பேர் அப்படியே வெச்சிருந்தா அது நெருக்கத்துக்கு ஆதாரமில்ல. ரெண்டு பேரும் சேர்ந்து மாத்தினதுதான் கணக்கு. தைவான்ல பைவான்னு ஒரு மொழி. அதுல கண் 'மத்ஸா', ஏழு 'பித்யு'. ஒண்ணுல 'த்ஸ்', இன்னொண்ணுல 'த்ய்'. பிலிப்பைன்ஸ் தகலோக்ல 'மத்தா', 'பித்தோ', ரெண்டுலயும் 'த்'. ஹவாய்ல 'மக்கா', 'ஹிக்கு', ரெண்டுலயும் 'க்'. அதாவது தைவானைத் தாண்டினதும் ரெண்டு ஒலியும் ஒண்ணாயிடுச்சு. ஒண்ணா கலந்ததை மறுபடி பிரிச்செடுக்க முடியாது, அதனால பைவான்ல இருக்கிற வேறுபாடுதான் பழசு. இந்த மாதிரி தடயங்களை வெச்சுத்தான் மொழியியலாளர் ராபர்ட் பிளஸ்ட் 1999ல மொத்தக் குடும்பத்தையும் பத்துக் கிளையாப் பிரிச்சார். ஒன்பது கிளை தைவான்லயே இருக்கு. மிச்ச உலகம் முழுக்க ஒரே கிளை! தாயகம் தைவான்னு சொல்றதுக்குப் பெரிய காரணம் இதுதான்.

இப்ப நம்ம அந்தமானுக்கு வருவோம். ஓங்கே, ஜாரவா ரெண்டும் சகோதர மொழிகள். இந்த ஜோடி ஆஸ்ட்ரோனேசியத்துக்கே தொலைஞ்சுபோன சகோதரின்னு 2007ல மொழியியலாளர் ஜூலியட் பிளெவின்ஸ் எழுதினாங்க. 2014ல பிளஸ்ட் அதை எடுத்து அலசி மறுத்தார். எனக்கும் பிளஸ்ட் பக்கம்தான் நியாயம் படுது. பால், ஹாலு மாதிரி பிசகாத வரிசை அங்க தெரியல. பக்கத்துல இருக்காங்கங்கிறதும் ஆதாரமாகாது. கொஞ்சம் தெற்கே இருக்கிற நிக்கோபார் மொழிகள் ஆஸ்ட்ரோ-ஆசியம்ங்கிற வேற குடும்பம், மேகாலயாவோட காசி மொழிக்கு உறவு.

இந்த வழக்கு தீரணும்னா சொற்கள் வேணும், நிறைய வேணும். ஓங்கே மக்களே சுமார் நூறு பேர்தான். அவங்க சம்மதத்தோட அந்த மொழியை முழுசாப் பதிவு பண்ண அரசு இப்பவே பணம் ஒதுக்கணும்.