தாமரைப்பாக்கம் அணைக்கட்டும் சிற்றணைகளின் பாதுகாப்பும்

திருவள்ளூர் ஜில்லாவின் நீர்ப்பாசனத்தைப் பற்றிப் பேசுவோர் பூண்டி, சோழவரம், செங்குன்றம் என்னும் பெரிய நீர்த்தேக்கங்களையே முதலிற் குறிப்பிடுவது வழக்கம். அவற்றிற்கு நடுவே கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே தாழ்ந்து கிடக்கும் தாமரைப்பாக்கம் அணைக்கட்டை நினைப்பவர் சிலரே. ஆயினும் சுற்று வட்டாரக் கிணறுகளின் ஊற்றுக்கும் சென்னை நகரத்தாரின் குடிநீருக்கும் இச்சிறிய கட்டடம் நெடுங்காலமாகத் துணை செய்து வருகிறது. மழைக்காலத்தில் இதன்மேல் நீர் வழியும்போது, பக்கத்துக் கிராமத்தாரும் பட்டணத்தாரும் தொழிற்பேட்டைகளில் வேலை செய்வோரும் நீராடிக் களிக்க இங்கு வருகின்றனர். பழமையானதும், பலர் கூடுவதுமான இத்தகைய சிற்றணையை எவ்வாறு கண்காணிப்பது என்பதை நிலச்சுவான்தார்களும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் நலம்.

அணையின் வரலாறு

சென்னை நகருக்கு நல்ல குடிநீர் கொணரும் பொருட்டு, பிரேசர் என்னும் எஞ்சினீயர் 1866-இல் ஒரு திட்டம் வகுத்தார். கொசஸ்தலை ஆற்று நீரைத் தாமரைப்பாக்கத்தில் அணையிட்டுத் தடுத்து, கால்வாய் வழியே சோழவரம் ஏரிக்கும், அங்கிருந்து செங்குன்றம் ஏரிக்கும் கொண்டு செல்வதே அத்திட்டத்தின் சாரம். 1872-இல் செங்குன்றத்திலிருந்து நகருக்கு நீர் செல்லத் தொடங்கிற்று. பிற்காலத்தில் அந்நீர் போதாமற் போகவே, ஆற்றின் மேற்பகுதியில் 1940-இல் பூண்டி நீர்த்தேக்க வேலை தொடங்கி 1944-இல் முடிவுற்றது. சென்னை மேயராக இருந்து அதற்காகப் பாடுபட்ட சத்தியமூர்த்தி அவர்களின் பெயர் அதற்கு இடப்பட்டது. 1996 முதல் கிருஷ்ணா நதியின் நீரும் கண்டலேறு கால்வாய் மூலம் ஊத்துக்கோட்டை வழியாகப் பூண்டிக்கு வருகிறது. ஆகவே தாமரைப்பாக்கம் அணைக்கட்டு இப்போது தனித்து நிற்பதன்று. மேலே பெரியதொரு நீர்த்தேக்கத்தின் கீழ் நிற்பது. இதன் பொருளைப் பின்னர்க் காண்போம்.

விவசாயிகளுக்கு இதனால் ஆவதென்ன?

ஆற்றில் ஆண்டு முழுவதும் நீர் ஓடுவதில்லை. வடகிழக்குப் பருவ மழையில் சில வாரங்கள் பெருகி வரும் நீரைத் தடுத்து நிறுத்தினால், அது மணலினூடே இறங்கி இருகரைக் கிணறுகளின் நீர்மட்டத்தை உயர்த்தும். தாமரைப்பாக்கம், பஞ்செட்டி, மீஞ்சூர் ஆகிய இடங்களில் நகரத்திற்கென்று ஆழ்குழாய்க் கிணறுகள் அமைத்ததும், நிலத்தடியில் மணற்பாங்கான ஊற்றுப்படுகை இருந்தமையாலேயே. அதிகமாக இறைத்ததன் பயனாக மீஞ்சூர்ப் பக்கத்தில் கடலின் உப்புநீர் நிலத்தடியே உட்புகுந்து, பல கிணறுகள் பயிருக்கு உதவாமற் போயின. நன்னீர் மட்டம் உயர்ந்து நின்றால்தான் உப்புநீர் பின்வாங்கும். ஆதலால் ஓர் அணை உடைந்தால் போவது அவ்வருஷத்து நீர் மட்டுமன்று. பல வருஷங்களில் சேர்ந்த ஊற்றும் குன்றிப் போம்.

அணை எவ்வாறு கெடுகிறது?

பார்வைக்கு அணை என்பது ஒரு சுவரே. மணற்படுகையில் கட்டிய அணைக்கோ சுவரைக் காட்டிலும் தளமே உயிர். தடுக்கப்பட்ட நீர் சுவரின் மேலே வழிவதோடு, அடியிலுள்ள மணலினூடேயும் கசிந்து கீழ்ப்புறத்தில் வெளிப்படும். அக்கசிவு மெதுவாகவும் தெளிவாகவும் இருக்கும்வரை தீங்கில்லை. வேகம் மிகுந்து மணலையும் உடன் இழுத்து வந்தால், அடியில் குழாய்போல் வழி உண்டாகி, மேலே கட்டடம் முழுமையாய்த் தோன்றும்போதே அஸ்திவாரம் வெற்றிடமாகிவிடும். செனாப் நதியில் கான்கி அணை 1895-லும், கங்கையில் நரோரா அணை 1898-லும் சேதமுற்றதிலிருந்து எஞ்சினீயர்கள் இந்த உண்மையைக் கற்றனர். நீர் அடியில் ஊர்ந்து செல்லும் வழி எவ்வளவு நீளமோ அவ்வளவு பத்திரம் என்று பிளை என்பவர் 1910-ஐ ஒட்டிய காலத்தில் விதி வகுத்தார். பருமணலுக்கு, நீர்மட்ட வித்தியாசத்தைப்போல் 12 மடங்கு நீளம் வேண்டுமென்பது அவர் கணக்கு. பின்வந்தோர் இதனினும் நுட்பமான முறைகள் கண்டனரெனினும், எளிதில் விளங்குவது இதுவே.

ஓர் உதாரணம் கூறுவோம். அணைக்கு மேற்புற நீர்மட்டம் கீழ்ப்புற ஆற்றுப்படுகையைவிட 6 அடி உயர்ந்திருப்பின், வழியின் நீளம் 72 அடி இருக்கவேண்டும். கீழ்ப்புறத்தில் மணல் வாரியதால் படுகை 2 அடி தாழ்ந்ததென்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 8 அடியாகிறது. வேண்டிய நீளமோ 96 அடி. கட்டடம் அப்படியே இருக்க, அதன் பலம் போதாததாகிவிட்டது. சுவரில் ஒரு செங்கல்லையும் தொடாமல் அணையைக் கெடுக்க வல்லது மணற்கொள்ளை என்பதை இக்கணக்கே காட்டும்.

மற்றொரு கேடு பக்கங்களில் உண்டாவது. சுவர் உறுதியாயிருந்தும், கரையோடு அது சேருமிடத்தில் வெள்ளம் மண்ணை அரித்து அணையைச் சுற்றிக்கொண்டு ஓடுவதுண்டு. தென்பெண்ணை ஆற்றில் 2020-இல் திறக்கப்பட்ட தளவானூர் தடுப்பணை 2021 ஜனவரியிலேயே ஒருபுறம் உடைந்தது. அதே ஆற்றில் பழைய எல்லிஸ் சத்திரம் அணைக்கட்டு 2021 நவம்பர் வெள்ளத்தில் சேதமுற்றது. ஆகவே புதியதென்று நம்பவும் வேண்டாம். பழையதென்று கைவிடவும் வேண்டாம். பார்த்து வருவதே முறை.

பார்வையிடும் முறை

அணைகளின் பாதுகாப்புக்கென மத்திய சர்க்கார் இயற்றிய 2021-ஆம் வருஷத்துச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளுக்கும், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு 10 முதல் 15 மீட்டர் வரை உயரமுள்ளவற்றிற்கும் உரியது. தாழ்ந்த ஆற்றணைகள் அதன் வரம்பில் வருவதில்லை. எனவே நீர்வளத் துறையாரின் கண்ணோடு ஊராரின் கண்ணும் சேரவேண்டியிருக்கிறது. புரட்டாசியில் மழைக்கு முன் ஒரு முறையும், தை மாதத்தில் வெள்ளம் வடிந்தபின் ஒரு முறையும், கிராம நிர்வாக அதிகாரியும் ஆயக்கட்டுதாரர் இருவரும் சேர்ந்து அணையை நடந்து பார்ப்பது போதுமானது. கவனிக்க வேண்டியவை இவை:

1. கீழ்ப்புறத்தில் கொதிப்பதுபோல் மணல் பொங்கும் ஊற்று உண்டா? கசியும் நீர் தெளிவா, கலங்கலா? கலங்கலாயின் அன்றே தெரிவிக்க வேண்டும்.

2. தளத்தின் ஓரத்தில் கற்கள் நழுவிப் பள்ளம் விழுந்திருக்கிறதா? கம்பை ஊன்றி ஆழம் பார்த்துக் குறித்து வைத்தால், அடுத்த வருஷம் ஒப்பிடலாம்.

3. சுவரில் ஆல், அரசு முளைத்திருக்கின்றனவா? இளஞ்செடியிலேயே நீக்குக. வளர்ந்த மரத்தைத் திடீரென்று பிடுங்கினால் கட்டடமும் பெயரும். அதைத் துறையாரிடம் விடுக.

4. பக்கச் சுவருக்குப் பின்னால் மண் உள்வாங்கியிருக்கிறதா? கரையில் எலி, நண்டு வளைகள் உண்டா?

5. கதவுகள் ஏறி இறங்குகின்றனவா? மேற்புறத்தில் ஆகாயத்தாமரையும் குப்பையும் அடைத்திருக்கின்றனவா?

கண்டதைத் தேதியுடன் ஒரு நோட்டில் எழுதி, ஒரு நகலைத் துறையின் பிரிவு அலுவலகத்தில் கொடுத்து வரவு வாங்கிக் கொள்ளவேண்டும். வாயால் சொன்னது காற்றோடு போம்.

நீராட வருவோர்

அணையில் மனித உயிருக்கு நேரும் அபாயம் பெரும்பாலும் மூன்று வகைப்படும். முதலாவது, வழிநீர் விழுந்து சுழலும் இடம். அங்கே மேற்பரப்பு நீர் சுவரை நோக்கித் திரும்பி ஓடுவதால், நீந்தத் தெரிந்தவனையும் மீண்டும் மீண்டும் விழுநீரின் கீழ் இழுக்கும். இரண்டாவது, தளத்திற்கு அப்பால் வெள்ளம் தோண்டிய மடு. முழங்காலளவு நீரில் நடந்து செல்பவன் அடுத்த அடியில் ஆளாழத்தில் விழுவான். மூன்றாவது, நீரின் திடீர்ப் பெருக்கம். பூண்டியில் மதகு திறந்தால், தாமரைப்பாக்கத்தில் வானம் வெளுத்திருக்கும்போதே ஆறு உயரும். 2015-லும் 2021-லும் பூண்டியிலிருந்து பெரும் அளவில் நீர் விடப்பட்டதை ஆற்றோரத்தார் மறந்திரார். நீரின் வேகம் இருமடங்கானால் அது காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதும் நினைவிலிருக்கட்டும்.

கடலூருக்கருகே கெடிலம் ஆற்றின் தடுப்பணையில் 2022 ஜூன் 5-ஆம் தேதி குளிக்கச் சென்ற பெண்களும் சிறுமியருமாக எழுவர் ஒரே நாளில் மூழ்கி இறந்தனர். இத்தகைய விபத்துக்களில் ஒருவரை மீட்க மற்றொருவர் இறங்குவதே எண்ணிக்கையைப் பெருக்குகிறது. மூழ்குகிறவரை நோக்கிக் கரையிலிருந்தே மூங்கிலையோ, கயிற்றையோ, முடிந்த வேட்டி சேலையையோ எறியவேண்டும்; காற்றடைத்த பழைய டியூப் ஒன்று மிக உதவும். நீருள் குதித்தல் கூடாது.

ஊராட்சியார் அதிகச் செலவின்றிச் செய்யக்கூடியவை சில உள. மடுவுள்ள இடங்களில் ஆழத்தைக் குறித்துக் கம்பம் நடலாம். மூங்கிலும் கயிறும் எப்போதும் கரையில் இருக்கச் செய்யலாம். எச்சரிக்கைப் பலகையைத் தமிழோடு நிறுத்தாமல் தெலுங்கிலும் ஹிந்தியிலும் எழுதுவது அவசியம். கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டைகளுக்கு வட நாட்டிலிருந்து வேலைக்கு வந்தோர் பலர் இவ்வாற்றின் குணம் அறியார். எழுத்தறியாதார்க்குப் படம் வரைந்து காட்டுக. பூண்டி திறக்கும் அறிவிப்பு வந்தவுடன் ஊராருக்குத் தெரிவிப்பதோடு, அணையின்மேல் இருப்போரையும் அப்புறப்படுத்தவேண்டும். காணும் பொங்கலன்று மாலைவரை ஒருவரைக் காவல் வைப்பது நன்று. ஜில்லாவின் அவசர உதவிக்கு 1077, ஆம்புலன்ஸுக்கு 108 என்னும் எண்களைப் பலகையிலேயே எழுதிவிடலாம்.

இங்கு வருவோரை வேண்டாதவராக எண்ணுதல் தகாது. நீரைக் கண்டு மகிழ்வது மனித இயல்பு. பலர் பார்க்கும் கட்டடத்தில் மணல் திருடுவதும் எளிதன்று. வருவோர் குப்பையையும் கண்ணாடிச் சீசாக்களையும் விட்டுச் செல்லாதபடி ஒரு தொட்டியும், சொல்ல ஒரு மனிதரும் இருந்தால் போதும்.

சுமார் 150 வருஷங்களாக இவ்வாற்றின் நீரைத் திருப்பி விடும் ஏற்பாடு, பழுது சிறிதாயிருக்கும்போதே அதைக் கண்டு சீர்செய்வதால்தான் நிலைக்கிறது. ஒரு கூடை கல்லால் அடையும் பள்ளத்தை ஒரு வருஷம் விட்டுவைத்தால் ஒரு லாரிக் கல்லும் போதாது. இவ்வருஷம் புரட்டாசி பிறந்ததும், நம் ஊரையடுத்த அணை எதுவாயினும், அதன் ஒரு கரையிலிருந்து மறுகரைவரை ஒரு முறை நடந்து பார்ப்போமாக.