இது என் கையால் செய்தது!



உங்கள் வீட்டு அலமாரியைச் சற்றுத் திறந்து பாருங்கள். பிள்ளைகளுக்காக நீங்கள் விலை கொடுத்து வாங்கிய பொம்மைகள் எத்தனை இருக்கின்றன? பிள்ளை தானே செய்து உங்கள் கையில் கொடுத்த பொருள்கள் எத்தனை இருக்கின்றன? முதல் கேள்விக்கு எண்ணிச் சொல்லச் சிறிது நேரமாகும். இரண்டாவது கேள்விக்கு நம்மில் பலர் மௌனமாகத்தான் நிற்க வேண்டியிருக்கும். மும்பையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஊழியம் செய்துவரும் நானும் அப்படி நின்றவன்தான். எங்கள் சபையின் கோடைக்காலக் கைவேலை முகாம்களில் சிறு பிள்ளைகள் எனக்குக் கற்றுக்கொடுத்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

பூட்டிய அறையில் ஒரு விடுமுறை

மே மாதம் பிறந்தால் ஊருக்குச் செல்லும் ரயில்களில் இடம் கிடைப்பதில்லை. வசதியுள்ள குடும்பங்கள் முன்கூட்டியே பயணச்சீட்டு எடுத்து, பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடம் அழைத்துச் செல்கின்றன. செல்ல இயலாத குடும்பங்களும் நம்மிடையே அநேகம் உண்டு. அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்கு ஒரு நாள் பகலில் ஜெபிக்கச் சென்றேன். கதவில் பூட்டு தொங்கியது. நான் திரும்ப எத்தனித்தபோது ஜன்னலிலிருந்து, "பாஸ்டர் அங்கிள், நாங்க உள்ளேதான் இருக்கோம்" என்று ஒரு குரல் கேட்டது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் அண்ணனும் தங்கையும் இருந்தார்கள். தகப்பன் பட்டறைக்கும் தாய் வீட்டுவேலைக்கும் சென்றிருந்தார்கள். மாலை ஆறு மணிக்குத்தான் கதவு திறக்குமாம். பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாதுகாப்புக்காகவே பூட்டினார்கள். ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே நின்று ஜெபித்துவிட்டு வந்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

விடுமுறை வேதாகமப் பள்ளி பிறந்ததும் இதைப் போன்ற ஒரு கவலையிலிருந்துதான். 1898-ம் ஆண்டில் நியூயார்க் நகரத்தில், ஏழைக் குடியேறிகள் நெருங்கி வாழ்ந்த பகுதியில், கோடையில் தெருக்களில் திரிந்த பிள்ளைகளைக் கண்டு எலிசா ஹாவ்ஸ் என்னும் அம்மையார் மனம் வருந்தினார். இடம் கிடைக்காததால் ஒரு மதுக்கூட மண்டபத்தையே வாடகைக்கு எடுத்துப் பிள்ளைகளைக் கூட்டினார். அங்கே பாடலும் வேதக் கதையும் இருந்தன. அவற்றோடு விளையாட்டும் கைவேலையும் இருந்தன. நாமோ காலப்போக்கில் கைவேலையைப் படத்துக்கு வண்ணம் தீட்டும் அரைமணி நேரமாகச் சுருக்கிவிட்டோம். ஆகவே, எங்கள் சபையில் காலை வகுப்பு முடிந்தபின் பிற்பகல் முழுவதையும் கைவேலைக்கென்று ஒதுக்கத் தீர்மானித்தோம்.

முதல் ஆண்டில் நாங்கள் செய்த தவறு

முதல் ஆண்டில் கடையிலிருந்து ஒரே மாதிரியான அட்டைப் பொதிகளை வாங்கினோம். வெட்டி, மடித்து, ஒட்டினால் நோவாவின் பேழை வரும். நாற்பது பிள்ளைகளும் நாற்பது பேழைகள் செய்தார்கள். சில பேழைகளின் கூரை சாய்ந்திருந்தது. சிலவற்றில் பசை வழிந்திருந்தது. நிறைவு நாளில் பெற்றோர் முன்னிலையில் கண்காட்சி வைக்க வேண்டுமே! "பார்ப்பதற்கு நன்றாக இருக்கட்டும்" என்று ஆசிரியர்களிடம் சொன்னவன் நான்தான். அவர்கள் முந்தின இரவு விழித்திருந்து கோணலானவற்றை நிமிர்த்தி, வண்ணம் பூசினார்கள். மிகவும் பழுதானவற்றைப் புதிதாகவே செய்து வைத்தார்கள்.

மறுநாள் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் தன் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு மேசையருகே வந்தான். தன் பெயர் எழுதியிருந்த பேழையைக் கண்டான். எடுக்கவில்லை. மேசை முழுவதும் தேடினான். "இதுதானடா உன்னுடையது, பெயர் இருக்கிறதே" என்றார் தகப்பன். "இது நான் செஞ்சது இல்லப்பா. என்னோடதுல ஒட்டகச்சிவிங்கி கழுத்து கூரைக்கு வெளியே இருக்கும்" என்றான். அவன் கூரையில் ஓட்டை போட்டிருந்தான். ஒட்டகச்சிவிங்கிக்கு மூச்சு முட்டக்கூடாது என்பதற்காகவாம். அதைப் பிழை என்று எண்ணி நாங்கள் மாற்றிவிட்டோம். அவன் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனான்.

அழகிய பேழை எங்களுக்குத் தேவைப்பட்டது. அவனுக்குத் தேவைப்பட்டதோ தான் யோசித்துச் செய்த பேழை. அந்த ஆண்டு நாங்கள் நடத்தியது பெரியவர்களின் கண்காட்சி. பிள்ளைகளின் முகாம் அடுத்த ஆண்டில்தான் தொடங்கியது. பிள்ளையின் கையிலுள்ள பொருளைப் பெரியவர் தொடக்கூடாது என்பதே அப்போது நாங்கள் வகுத்த முதல் விதி. செய்துகாட்ட வேண்டுமானால் ஆசிரியர் வேறொரு துண்டை எடுத்துச் செய்துகாட்ட வேண்டும்.

கற்பிக்கும் வரமும் வேண்டும்

ஆசரிப்புக் கூடாரத்தைச் செய்த பெசலெயேலையும் அகோலியாபையும் நாம் அறிவோம். பொன், வெள்ளி, வெண்கலம், மரம் ஆகிய அனைத்திலும் வேலை செய்யும் ஞானம் அவர்களுக்கு அருளப்பட்டதென்று யாத்திராகமம் 31-ம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். 35-ம் அதிகாரத்தில் மற்றொன்றும் சொல்லப்பட்டுள்ளது. அந்த வேலைகளைப் பிறருக்குக் கற்றுக்கொடுக்கும் மனமும் அவர்களுக்கு அருளப்பட்டது. திறமையான கை ஒன்று; கற்றுக்கொடுக்கும் கை மற்றொன்று. பின்னதற்கு மிகுந்த பொறுமை வேண்டும்.

இதை எங்கள் பிள்ளைகள் தாராவியின் கும்பார்வாடாவில் கண்ணாரக் கண்டார்கள். சௌராஷ்டிரத்திலிருந்து வந்து குடியேறிய குயவர்களின் சந்ததியார் அங்கே இன்றும் தொழில் செய்கிறார்கள். ஒரு பெரியவர் எங்கள் பிள்ளைகளைச் சக்கரத்தருகே அமர்த்தினார். மண் எழும்பியது, விரல் சற்று அழுந்தியதும் சரிந்தது. பிள்ளை பயந்து அவரைப் பார்த்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் மண்ணை மீண்டும் உருட்டிச் சக்கரத்தின் நடுவில் வைத்தார். எரேமியா 18-ம் அதிகாரத்தை நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் அதை அன்று ஒரே பார்வையில் புரிந்துகொண்டார்கள்.

தகப்பனின் தொழிலை மறைத்த பிள்ளை

எங்கள் சபையில் தோல் பை தைக்கும் சகோதரர் ஒருவர் இருக்கிறார். அவருடைய பன்னிரண்டு வயது மகன் பள்ளிப் படிவத்தில் தகப்பனின் தொழில் என்ற இடத்தில் "பிசினஸ்" என்று எழுதுவானாம். அச்சகோதரரை முகாமில் கற்றுக்கொடுக்க அழைத்தேன். அவர் முகம் வாடியது. "பாஸ்டர், இந்த வேலை என்னோடு போகட்டும். ஊரில் இதைச் சொல்லித்தானே எங்களை ஒதுக்கி வைத்தார்கள்? என் பிள்ளையின் கையில் ஊசியைக் கொடுக்கவா அவனைப் படிக்க வைக்கிறேன்?" என்று கேட்டார்.

பிரியமானவர்களே, இக்கேள்வியை நாம் இலேசாகத் தள்ளிவிடக்கூடாது. 1953-ல் சென்னை மாநிலத்தில் ராஜாஜி முதல்வராக இருந்தபோது, கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பாதி நேரம் பாடமும் மீதி நேரம் குடும்பத் தொழிலும் என்றொரு திட்டம் கொண்டுவரப்பட்டது. சாதியைப் பிள்ளையின் தலையில் மறுபடியும் கட்டும் குலக்கல்வி என்று மக்கள் அதை எதிர்த்தார்கள். 1954-ல் காமராஜர் முதல்வரான பின்பு அத்திட்டம் கைவிடப்பட்டது. நம் பெற்றோரின் அச்சத்துக்கு இத்தகைய வரலாறு உண்டு.

ஆகவே அச்சகோதரரிடம் இரண்டு உறுதிகள் கொடுத்தேன். தகப்பனின் தொழில் மகனுக்கு என்ற பேச்சே முகாமில் இராது; எல்லாப் பிள்ளைகளும் எல்லா வேலைகளையும் செய்வார்கள், ஆண்பிள்ளைகள் கூடை பின்னுவார்கள், பெண்பிள்ளைகள் சுத்தியல் பிடிப்பார்கள் என்பது ஒன்று. பள்ளிப் படிப்பின் ஒரு மணி நேரத்தைக்கூட முகாம் எடுத்துக்கொள்ளாது என்பது மற்றொன்று.

அவர் வந்தார். ஒரே நூலின் இரு முனைகளிலும் இரண்டு ஊசிகளைக் கோத்து, ஒரே துளையில் இருபுறமிருந்தும் செலுத்தித் தைத்துக் காட்டினார். "ஒரு பக்கத்து நூல் அறுந்தாலும் மறுபக்கத்து நூல் பிடித்துக்கொள்ளும்" என்று விளக்கினார். பிள்ளைகள் வாய்பிளந்து பார்த்தார்கள். கடைசி வரிசையில் தலைகுனிந்திருந்த அவர் மகனிடம் பக்கத்திலிருந்த சிறுமி, "உங்க அப்பாவா? எவ்வளவு நல்லா செய்றாரு!" என்றாள். அவன் ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து எழுந்து சென்று தகப்பனுக்கு மெழுகு நூலை எடுத்துக் கொடுத்தான். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்தச் சகோதரர் கண்களைத் துடைத்துக்கொண்டதை நான் கண்டேன்.

அதன்பின் பலர் முன்வந்தார்கள். தூத்துக்குடிப் பக்கத்துப் பாட்டியம்மா ஒருவர், பனையோலை கிடைக்காத பட்டணத்தில் தென்னையோலையைக் கொண்டு காற்றாடியும் கிலுகிலுப்பையும் செய்யக் கற்றுக்கொடுத்தார். தாய்மார் ஒயர்க் கூடை பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். படிப்பில்லை என்று கூட்டத்தில் ஒதுங்கி அமர்ந்தவர்கள் ஆசிரியர்களாக நின்றார்கள்.

நம் தேசத்தில் நடந்த முயற்சிகள்

கைகளின் வழியாகக் கற்பது நம் தேசத்துக்குப் புதிதல்ல. 1937-ல் வார்தாவில் கூடிய மாநாட்டில் காந்தியடிகள் கைத்தொழிலை மையமாகக் கொண்ட ஆதாரக் கல்வியை முன்வைத்தார். 1956-ல் நேருவின் முயற்சியால் டெல்லியில் பால பவன் தொடங்கப்பட்டது. டெல்லியில் வாழும் நம் குடும்பங்கள் அதைப் பற்றி விசாரித்து அறியலாம்.

கான்பூர் ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்த அரவிந்த் குப்தா 1978-ல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாதில் கிராமப் பிள்ளைகளுக்கான அறிவியல் கல்விப் பணியில் சேர்ந்தார். தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வு டியூபின் சிறு துண்டுகளையும் இணைத்து வடிவங்கள் செய்யும் எளிய முறையை அவர் அங்கே உருவாக்கினார். குப்பையில் எறியும் பொருள்களிலிருந்து அவர் செய்த விளையாட்டுப் பொருள்கள் எண்ணற்றவை. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவருடைய தீக்குச்சி முறையை எங்கள் முகாமிலும் செய்து பார்த்தோம். நான்கு குச்சிகளால் செய்த சதுரம் தொட்டவுடன் சாய்கிறது. மூன்று குச்சிகளால் செய்த முக்கோணமோ அசையாமல் நிற்கிறது. மறுநாள் ஒரு சிறுமி ஓடிவந்து, "ஸ்டேஷன் கூரையில் பார்த்தேன், எல்லாம் முக்கோணம்!" என்றாள். தினமும் அந்த ரயில் நிலையத்தைக் கடக்கும் நான் அதுவரை அண்ணாந்து பார்த்ததில்லை.

2020-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையிலும், 6 முதல் 8-ம் வகுப்புக்குள் பத்து நாட்கள் புத்தகப் பையின்றி, தச்சர், குயவர், தோட்டக்காரர், கலைஞர் முதலானோரிடம் மாணவர்கள் பழக வேண்டுமென்று கூறப்பட்டுள்ளது. பட்டணத்துப் பள்ளிகள் இவர்களைத் தேட வேண்டியிருக்கும். நம் சபைகளிலோ இவர்கள் ஏற்கெனவே பாய்விரித்து அமர்ந்திருக்கிறார்கள்!

நீங்களும் நடத்தலாம்

1. பொருள்கள்: பழைய செய்தித்தாள், அட்டைப் பெட்டி, தையற்கடைத் துண்டுத் துணி, களிமண், தென்னையோலை ஆகியவை போதும். பசைக்கு மைதாவைக் காய்ச்சிக்கொள்ளலாம். பைண்டிங் செய்பவர்களைப் போல அதில் மயில்துத்தம் கலக்க வேண்டாம், அது நஞ்சு. நெடியுள்ள ரப்பர் சொல்யூஷனைப் பிள்ளைகளின் அருகில் வைக்கவே கூடாது.

2. வயது: ஐந்து முதல் ஏழு வயதினருக்குக் காகிதம் கிழித்தல், களிமண், ஓலை. எட்டு வயதுக்கு மேல் கத்தரிக்கோலும் கூடை பின்னுதலும். பதினொரு வயதுக்கு மேல், பெரியவர் அருகிலிருக்க, ஊசியும் சுத்தியலும்.

3. பாதுகாப்பு: கத்தரிக்கோல், ஊசிகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். எப்போதும் இரண்டு பெரியவர்களாவது அறையில் இருக்கட்டும். எந்தப் பெரியவரும், அவர் போதகரேயானாலும், ஒரு பிள்ளையோடு தனித்திருக்கக் கூடாது. மாலையில் பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பது என்பதை முன்னரே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

4. நேரம்: ஒரு நாளுக்கு ஒரு பொருள் என்று அவசரப்படுத்தாதீர்கள். கூடை ஒன்றுக்கு நான்கு நாட்கள் ஆகட்டும். தவறாகப் பின்னியதைப் பிரித்து மறுபடி பின்னுவதும் பாடம்தான்.

5. பரிசு: முதல் பரிசு, இரண்டாம் பரிசு வேண்டாம். செய்த பொருளைப் பிள்ளை தன் வீட்டுக்குக் கொண்டுபோவதே பரிசு.

6. கதவு: சபைப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று கதவை அடைக்காதீர்கள். அண்டை வீடுகளிலும் பகலெல்லாம் பூட்டிய அறைகள் உண்டு.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை கோணலான ஒரு பொருளைக் கொண்டுவந்து நீட்டும்போது, "இது என்ன குப்பை?" என்று கேட்டுவிடாதீர்கள். "இதை எப்படிச் செய்தாய்?" என்று கேளுங்கள். பதில் சொல்ல அதற்குப் பத்து நிமிடமாகும். அந்தப் பத்து நிமிடம் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.

பேழையை எடுக்காமல் சென்ற அந்தச் சிறுவன் அடுத்த ஆண்டு வருவானோ என்று சந்தேகப்பட்டேன். வந்தான். பாட்டியம்மாவிடம் அமர்ந்து ஓலைக் காற்றாடி ஒன்று செய்தான். ஓரிதழ் நீளமாகவும் மற்றொன்று குட்டையாகவும் இருந்தது. எவரும் அதைத் திருத்தவில்லை. கடைசி நாளில் என்னிடம் ஓடிவந்து, "பாஸ்டர் அங்கிள், இது என் கையால் செய்தது. உங்களுக்குத்தான்" என்று கொடுத்தான். ஓலை காய்ந்து பழுப்பேறிவிட்டது. இப்போது அது சுற்றுவதில்லை. ஆனாலும் என் மேசையிலிருந்து அதை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

வருகிற விடுமுறைக்குள் உங்கள் சபையிலும் தெருவிலும் கற்றுக்கொடுக்கும் கைகள் எவையென்று தேடிப் பாருங்கள். கர்த்தர் தாமே உங்கள் பிள்ளைகளின் கைகளின் கிரியைகளை ஆசீர்வதிப்பாராக.