பின்னிருக்கைக்குக் கீழே ஒரு வயது

திருகோணமலையின் சீனன்குடாக் காட்டுக்குள் பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன எண்ணெய்த் தாங்கிகள் இன்னும் நிற்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 10,000 தொன் கொள்ளும். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது ஒன்று அழிந்தது. இப்போது எஞ்சியிருப்பவை 99. இத்தனை தாங்கிகளை வைத்திருக்கும் ஊர்தான் 2022-இல் பெற்றோலுக்காக நாள்கணக்கில் வரிசையில் நின்றது. பிறகு கியூஆர் முறை வந்தது. ஒரு காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து ஊற்றினார்கள்.

அந்த 20 லீற்றரில் அதிக தூரம் போகும் வண்டி எது என்று எல்லோரும் கணக்குப் பார்க்கத் தொடங்கிய காலத்தில் ஹைபிரிட் கார்களின் மவுசு ஏறியது. போதாக்குறைக்கு, 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. திறந்த பிறகும் வரியைக் கேட்டால் தலை சுற்றுகிறது. ஆகவே பழைய டொயோட்டா அக்குவா, பிரியஸ், அக்சியோ எல்லாம் உப்புவெளியிலும் கிண்ணியாவிலும் மூன்றாவது, நான்காவது கைக்கு மாறிக்கொண்டிருக்கின்றன.

வாங்க வருகிறவரின் முதல் கேள்வி, "எத்தனை கிலோமீற்றர் ஓடியிருக்கு?"

எஞ்சினுக்கு அது நியாயமான கேள்விதான். பற்றரியின் ஆயுள் மட்டும் கிலோமீற்றரில் அடங்குவதில்லை. எத்தனை வருடம், எவ்வளவு சூடு, எத்தனை மாதம் சும்மா நின்றது என்பவையும் அதைத் தீர்மானிக்கின்றன. குறைவாக ஓடிய கார் என்று நம்பி வாங்கி ஏமாறுவது இங்கேதான்.

இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பிரியஸின் பற்றரியைத் திறந்தால் தட்டையான 28 பெட்டிகள் புத்தகங்களைப் போல அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் 1.2 வோல்ட் தரும் ஆறு நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் செல்கள். மொத்தம் 168 செல், 201.6 வோல்ட். 2011 டிசம்பரில் ஜப்பானில் அறிமுகமான அக்குவாவில் 20 பெட்டிகள், 144 வோல்ட். பிரியஸின் முழுப் பற்றரியும் நிரம்பினால் இருக்கும் மின்சாரம் வீட்டு மின்பட்டியல் கணக்கில் சுமார் 1.3 அலகு. அதையும் கார் முழுவதுமாகப் பயன்படுத்துவதில்லை. ஏறத்தாழ 40 வீதத்துக்குக் கீழே இறங்க விடாமலும் 80 வீதத்துக்கு மேலே ஏற விடாமலும் கணினி காவல் காக்கிறது. ஒட்ட வடித்து, மறுபடி முழுதாக நிரப்பினால் சில நூறு, மிஞ்சினால் ஆயிரம் சுற்றுகளில் களைத்துப்போகும் செல், இப்படி நடுவிலேயே ஏறி இறங்கினால் பல்லாண்டு உழைக்கும்.

எவ்வளவு உழைக்கும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சோதனை உண்டு. கன்சியூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் 2011-இல், 3,30,000 கிலோமீற்றருக்கு மேல் ஓடிய 2002-ஆம் ஆண்டுப் பிரியஸ் ஒன்றை ஓட்டிப் பார்த்தது. பத்து வருடத்துக்கு முன் தானே சோதித்த புத்தம்புதிய பிரியஸின் எரிபொருள் கணக்கோடு ஒப்பிட்டது. லீற்றருக்குச் சுமார் 17 கிலோமீற்றர் என்ற கணக்கில் வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். விற்பவர்கள் இதைச் சொல்லிக் காட்டினால் அது உண்மைதான். அந்தக் கார் கச்சான் காற்றில் நின்றதில்லை என்பதும் உண்மை.

கச்சான் என்றால் இங்கே வறுத்த நிலக்கடலையும்தான். பற்றரிக்குப் பகை, காற்றுக் கச்சான். மே தொடங்கிச் செப்டெம்பர் வரை, மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, வறண்டு சூடேறி இந்தப் பக்கம் இறங்கும் காற்று அது. வெளியே 35 பாகை என்றால், வெயிலில் கண்ணாடி மூடி நிற்கும் காருக்குள் 50 பாகையும் தாண்டும். சூடு பத்துப் பாகை கூடினால் இரசாயன வினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொது விதி. செல்லைத் தின்னும் வினைகளுக்கும் அது பொருந்தும். சூட்டில் செல் மின்னேற்றத்தைச் சரியாக வாங்காது. வாங்காத மின்சாரம் வாயுவாகவும் மேலும் சூடாகவும் மாறும். உள்ளே இருக்கும் ஈரம் மெல்ல மெல்லக் குறையும்.

இந்தச் சூட்டைத் தணிக்கப் பற்றரிக்கென்று தனி ஏசி கிடையாது. பிரியஸில் பின்னிருக்கையின் பக்கவாட்டிலும், அக்குவாவில் பின்னிருக்கைக்குக் கீழேயும் ஒரு சிறு காற்றுத் துளை இருக்கும். காருக்குள் நாம் சுவாசிக்கும் காற்றையே ஒரு மின்விசிறி அதன் வழியாக இழுத்துப் பற்றரிக்கு ஊட்டுகிறது. பெற்றோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று ஏசியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கி ஓட்டுகிறவர், கந்தளாய் வீதியின் அனல் காற்றைப் பற்றரிக்குப் புகட்டுகிறார். சிக்கனக்காரர் கையில் இருந்த கார் என்று மகிழ ஒன்றுமில்லை. அந்தத் துளையின் வலையைக் கழற்றிப் பார்த்தால் முன்னைய சொந்தக்காரரின் குணம் தெரிந்துவிடும். தூசு, தலைமயிர், நிலாவெளிக் கடற்கரை மணல், சில வேளை குழந்தை தின்ற பிஸ்கற் தூளும் இருக்கும்.

மணலைவிட மோசம் உப்பு. உப்புவெளி, உவர்மலை, உப்பாறு என்று பெயரிலேயே உப்பை வைத்திருக்கும் ஊர்கள் இவை. செல் பெட்டிகளை இணைக்கும் செப்புத் தகடுகளில் பச்சை படிந்து தடை கூடினால், செல் நன்றாக இருந்தும் எச்சரிக்கை விளக்கு எரியும். அந்த இடத்தில் கைதேர்ந்த பாஸ் ஒருவர் தகடுகளைச் சுத்தம் செய்வதே போதும். அவசரக்காரர் முழுப் பற்றரியையும் மாற்றிவிடுவார்.

இனி 2022-க்குத் திரும்பலாம். எண்ணெய் இல்லாமல் மாதக்கணக்கில் கொட்டிலில் நின்ற கார்கள் எத்தனையோ. நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் செல் சும்மா இருந்தாலும் மாதத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு மின்னேற்றத்தை இழக்கக்கூடியது. சூட்டில் இன்னும் வேகமாக. எல்லாச் செல்லும் ஒரே அளவில் இழப்பதில்லை என்பதுதான் வில்லங்கம். தொடராகக் கட்டிய 168 பேரில் ஒருவர் சோர்ந்தால் மொத்த அணியும் அவர் வேகத்துக்கே நடக்க வேண்டும். பிரியஸிலும் அக்குவாவிலும் எஞ்சினைச் சுழற்றி எழுப்புவதே இந்தப் பெரிய பற்றரிதான். அது அடியோடு இறங்கிவிட்டால், 12 வோல்ட் பற்றரிக்கு வயர் கொடுத்தாலும் எஞ்சின் எழும்பாது.

அப்படியானால் எப்படிப் பார்த்து வாங்குவது? காலைக் குளிரில் போகக் கூடாது. மதியம், கார் வெயிலில் நின்ற பிறகு போக வேண்டும். ஏசியை முழுதாகப் போட்டு, எஞ்சின் அணைந்த நிலையில் நிறுத்தி வைத்துத் திரையில் பற்றரிக் கட்டங்களைக் கவனிக்கலாம். நல்ல பற்றரியில் கட்டங்கள் நிதானமாக இறங்கும். தளர்ந்ததில் மளமளவென்று விழுந்து, எஞ்சின் எழும்பியதும் அதே வேகத்தில் ஏறும். வேகமாக நிரம்புவதைப் பலமென்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. கொள்ளளவு சுருங்கிய குடம்தான் சீக்கிரம் நிரம்பும்.

அதன் பிறகு ஸ்கேன். காரின் கணினியில் பொருத்தும் சிறு கருவியும் டாக்டர் பிரியஸ் போன்ற ஒரு செயலியும் போதும். பிரியஸின் 28 பெட்டிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து 14 தொகுதிகளின் வோல்ட்டைத் தனித்தனியே காட்டும். கார் நிற்கும்போது பெரும்பாலும் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். உவர்மலை ஏற்றத்தில் அழுத்தி ஓட்டும்போது எந்தத் தொகுதி மற்றவற்றைவிடக் கீழே விழுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஒரு செல் செத்திருந்தால் அந்தத் தொகுதியில் சுமார் 1.2 வோல்ட் குறையும். விற்கும் முன், பற்றரி பழுது என்று சொல்லும் பி0ஏ80 என்ற பிழைக் குறியீட்டை அழித்து, விளக்கை அணைத்து வைப்பது பழைய தந்திரம். சில நாள் ஓட்டத்தில் அது மீண்டும் எரியும். குறியீட்டை அழித்த பிறகு எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்பதையும் பல கருவிகள் காட்டும். அங்கே 12 கிலோமீற்றர் என்று வந்தால், தேநீரைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.

"பற்றரி மாத்தியாச்சு" என்பதும் அடிக்கடி கேட்கும் வாக்கு. எதை மாற்றினார்கள் என்று கேட்க வேண்டும். பழுதான ஒரு பெட்டியை எடுத்துவிட்டு இன்னொரு பழைய காரின் பெட்டியைச் செருகியிருந்தால், வலுவானதும் நலிந்ததும் ஒரே நுகத்தில் பூட்டிய கதைதான். சில மாதங்களில் அடுத்தது விழும்.

டொயோட்டாக்களுக்கு மாறாக, ஹோண்டா ஃபிட் ஜிபி5, முதல் தலைமுறை வெசல் ஹைபிரிட் ஆகியவற்றில் இருப்பது 48 செல் கொண்ட லித்தியம் பற்றரி. சும்மா நின்றால் அது அவ்வளவாக இறங்காது, ஆனால் சூட்டுக்கு அதுவும் அஞ்சும். சுசுகி வாகன்ஆர் ஹைபிரிட்டில் உள்ள லித்தியம் பற்றரியோ மிகச் சிறியது. அதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம்.

வாங்கிய அன்றே அந்தக் காற்றுத் துளையின் வலையைக் கழுவி, காயவைத்துப் போடுங்கள். மேலே துவாயோ பையோ கிடந்தால் எடுத்துவிடுங்கள். செம்மஞ்சள் நிற வயரை மட்டும் தொடாதீர்கள். அதில் இருப்பது உயிரை வாங்கும் உயர் மின்னழுத்தம்.